நேராகிப்போன கண்

இந்தக் காலத்தில் எவனும் எதையும் உள்ளபடி காட்டுவதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே சுடலைமுத்து கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தார். பார்வை மங்கியபின் பழைய பூதக்கண்ணாடி போதவில்லை. கடைக்காரப் பெண் நீட்டிய புதிய மின்னணுப் பூதக்கண்ணாடியை, செத்துப்போன மனைவி பேச்சியம்மாளின் போட்டோ மேல் பிடித்தார்.

"ஏட்டி, இவ யாரு?"

"உங்க வீட்டம்மாதான் தாத்தா. எவ்வளவு தெளிவா இருக்காங்க!"

"எம் பொஞ்சாதிக்கு மாறுகண்ணு. என்னையப் பாக்கும்போது ஒரு கண்ணு வாசலப் பாக்கும். இதுல ரெண்டும் நேரால்லா பாக்குது."

"குறை இருந்தா லென்ஸே சரிபண்ணிரும் தாத்தா."

"குறைன்னு அதுக்கிட்ட எவன் சொன்னான்?"

"இப்ப வாறது எல்லாமே இப்படித்தான். போகப்போகப் பழகிரும்."

"நாப்பது வருசமா நான் பழகுனது அந்தக் கண்ணுகூடத்தாம்ட்டி."

புதிய கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, போட்டோவை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். பழைய கண்ணாடியில் அவள் வெறும் மங்கல்தான். ஆனாலும் மங்கலாகத் தெரிபவள் பேச்சிதான் என்று முனகியபடி, திரும்பிப் பாராமல் படியிறங்கி நடந்தார்.