பதினோராயிரம் பதில்கள்

பதினான்கு பெண்களின் சான்றிதழ்கள் என் கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டு நின்றன.

அந்தப் பதினான்கு பேரும் வெளி அறையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எங்களிடம் நர்ஸ் பயிற்சி முடித்தவர்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று வேலைக்கு எடுத்திருந்தது. இன்று மூன்று மணிக்குள் சான்றிதழ் போய்ச் சேராவிட்டால் அடுத்த பட்டியலில் இருப்பவர்களைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மணி ஒன்று ஐம்பது.

அனுப்புகிற ஒவ்வொரு மெயிலும் போன வேகத்தில் திரும்பி வந்தது. கூடவே ஒரு வரி: உங்கள் இடத்திலிருந்து வரும் எதையும் ஏற்பதற்கில்லை.

என்ன திமிர் பாருங்கள். காரணம் சொல்ல மாட்டார்களாம். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துவார்களாம்.

டைரக்டர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தன் மருமகனுடைய மெயிலிலிருந்து அனுப்பினால் என்ன என்று மூன்றாவது முறையாகக் கேட்டார். பதிவு செய்த எங்கள் முகவரியிலிருந்து வந்தால்தான் ஆஸ்பத்திரி எடுத்துக்கொள்ளும் என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன். இந்த ஆபீஸில் எதையும் ஒரு தடவை சொன்னால் யாருக்கும் உறைக்காது.

ஐந்து நாள் லீவு முடிந்து இன்று காலைதான் வந்தேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். என் பெயருக்கு வந்த ஆபீஸ் மெயிலைக்கூட இன்னும் திறக்கவில்லை. அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த பை காலடியிலேயே கிடந்தது. ஐந்து நாள் நான் இல்லாவிட்டால் இப்படியா குட்டிச்சுவராக்கி வைப்பார்கள்?

இன்டர்நெட் கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். எல்லாவற்றையும் ஒரு முறை அணைத்துப் போடச் சொன்னாள் ஒருத்தி. போட்டேன். இன்னொரு முறை அணைத்துப் போடச் சொன்னாள். ஃபோனை வைத்துவிட்டேன்.

கடைசியில்தான் அந்தப் பட்டியலைப் பார்க்கத் தோன்றியது.

மெயில் உலகத்தில் ஒரு கறுப்புப் பட்டியல் உண்டு. கணக்கு வழக்கில்லாமல் மெயில் அனுப்பித் தொல்லை கொடுப்பவர்களை அதில் சேர்த்துவிடுவார்கள். அதில் பெயர் ஏறிவிட்டால் பாதி உலகம் நம்மை உள்ளே விடாது. எங்கள் பெயர் நேற்று மாலை ஏறியிருந்தது.

எடுப்பதற்கு ஒரு படிவம் இருந்தது. தொல்லை கொடுத்தது யார், நிறுத்தியாகிவிட்டதா என்று எழுதிக் கொடுத்தால் அரைமணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள்.

"யாருன்னு கண்டுபிடிம்மா. அந்த ஆளை நான் சும்மா விடப்போறதில்ல" என்றார் டைரக்டர்.

நானும் விடுவதாக இல்லை. எனக்குச் சந்தேகம் ஹாஸ்டல் வார்டன் மேல்தான். தினமும் காலை வணக்கம் என்று ஊருக்கெல்லாம் பூப்படம் அனுப்புகிறவர்.

போன மெயில்களின் பதிவைத் திறந்தேன். வார்டன் பாவம், ஐந்தே பூ.

சனிக்கிழமை காலையிலிருந்து பதினோராயிரத்துச் சொச்சம் மெயில், ஒரே முகவரியிலிருந்து ஒரே முகவரிக்குப் போயிருந்தது. இரண்டு பக்கமும் ஆள் இல்லை. இரண்டு மெஷின்கள் ஒன்றுக்கொன்று தானாகப் பதில் போட்டுக்கொண்டிருந்திருக்கின்றன.

ஒன்று சொல்கிறது: தங்கள் கடிதம் கிடைத்தது, விரைவில் பதில் அனுப்புவோம்.

மற்றது சொல்கிறது: விடுப்பில் இருக்கிறேன், திங்கட்கிழமை பதில் எழுதுகிறேன்.

உடனே அது: தங்கள் கடிதம் கிடைத்தது. இப்படியே இரண்டு நாள், ராப்பகலாக. இரண்டுக்கும் வாய் ஓயவில்லை.

சாதாரணமாக இந்த விடுப்புப் பதில் ஒருவருக்கு ஒரு தடவைதான் போகும். எந்த மேதாவியோ வருகிற ஒவ்வொன்றுக்கும் போகும்படி மாற்றி வைத்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு முகவரியைப் பார்த்தேன்.

என்னுடையது.

ஒரு தடவை சொன்னால் உறைக்காது என்று, லீவில் போகிற அன்று நானேதான் மாற்றி வைத்தேன்.

எதிர்முனை ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ். அங்கே வேலை பார்ப்பவர் என் வீட்டுக்காரர்.

பத்து வருஷமாக எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிற மனிதர். அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். பஸ் ஏறும்போதே அவர் நம்பரை பிளாக் செய்தேன். காரணம் எதுவும் சொல்லவில்லை.

விடுப்புப் பதிலை நிறுத்தினேன். படிவத்தில் தொல்லை கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி அனுப்பினேன்.

"யாரும்மா அது?"

"நான்தான் சார்."

டைரக்டர் வாயைத் திறந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

இரண்டு நாற்பத்தாறுக்குப் பட்டியலிலிருந்து எங்கள் பெயர் போயிற்று. சான்றிதழ்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. ஆளுக்கொரு நகல் அவரவர் ஃபோனுக்கும் போகும்படி வைத்திருந்தேன். வெளி அறையில் ஒரு ஃபோன் சத்தம் போட்டது. பிறகு இன்னொன்று. பதினான்கையும் எண்ணினேன். யாரோ ஒருத்தி அழுதாள். என்னைத் திட்ட வேண்டும் என்பதையே மறந்துவிட்டு டைரக்டர் அவர்களிடம் ஓடினார்.

நான் என் மெயிலைத் திறந்து அந்தப் பதினோராயிரத்தின் அடிக்குப் போனேன். இதையெல்லாம் தொடங்கி வைத்த முதல் மெயில் ஒன்று இருந்தாக வேண்டும்.

இருந்தது. சனிக்கிழமை காலை ஆறு பத்து. மெஷின் அனுப்பியது இல்லை.

"ஃபோனை பிளாக் பண்ணிட்ட. உன் ஆபீஸ் மெயில் ஒண்ணுதான் பாக்கி. பேசாமலே இருந்தது என் தப்புதான். வீட்டுக்கு வருவியா?"

அதற்கு நேர் மேலே என் பதில்: திங்கட்கிழமை பதில் எழுதுகிறேன்.

ஒரு தடவை இல்லை, பதினோராயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

இன்று திங்கட்கிழமை.