பத்துமலைக்கு எத்தனை படி?

குடியேற்ற அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, சேனாபதி ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

முப்பத்தோரு வருஷம் போலீஸ் உத்தியோகம். பொள்ளாச்சியில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையரானவர். அமெரிக்காவில் பார்சிப்பனியில் இருக்கும் மகள் அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு கேட்டு மனு போட்டிருந்தாள். இன்றைக்கு அதற்கான இன்டர்வியூ. மகள் காரை நிறுத்தப் போயிருந்தாள். பக்கத்தில் மனைவி மரகதம் ஃபைலைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சேனாபதியின் காதுக்கு மட்டும் இன்னும் யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

முன்வரிசையில் ஓர் இளம் ஜோடி. இங்கே யாருக்குத் தமிழ் புரியப் போகிறது என்ற தைரியத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பத்துமலைக்கு எத்தனை படி?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இருநூத்திச் சொச்சம்."

"சொச்சம்னா விடுவாங்களா? இருநூத்தி எழுபத்திரண்டு. எல்லாப் படிக்கும் கலர் கலரா பெயின்ட். மேல ஏறினதும் குரங்கு என் தண்ணி பாட்டிலைப் பிடுங்கிட்டு ஓடுச்சு. நீங்க சிரிச்சீங்க."

"சிரிச்சேன்" என்று மனப்பாடம் செய்தான் அவன்.

சேனாபதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பாடம் கோலாலம்பூர் முழுக்கச் சுற்றியது. இரட்டைக் கோபுரத்தை இணைக்கிற பாலம் எத்தனாவது மாடி என்றாள். எண்பத்தாறு என்றான். தலையில் அடித்துக்கொண்டு நாற்பத்தொன்று என்றாள். பெட்டாலிங் தெருவில் பேரம் பேசி வாங்கிய பை என்ன நிறம், பறவைப் பூங்காவில் யார் தலையில் எச்சம் விழுந்தது, ஒன்றுக்கும் அவனிடம் பதில் இல்லை. நடுநடுவே போனில் வேறு எதையோ தட்டிக்கொண்டிருந்தான். ஹனிமூன் போய்வந்த லட்சணம் இதுதானா!

"ஒரு போட்டோலகூட நான் இல்லையேன்னு ஆபீசர் கேட்டா?"

"நீங்கதான் எடுத்தீங்கன்னு சொல்லுங்க." அவள் அவன் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். "கெடுத்துடாதீங்க கதிர். நீங்க இந்த ஊர் சிட்டிசன், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பொய்க் கல்யாணம்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா, நான்தான் ஊருக்கு ஃப்ளைட் ஏறணும்."

அவ்வளவுதான், சேனாபதிக்கு வழக்கே முடிந்துவிட்டது. கிரீன் கார்டுக்காகச் செட்டப் செய்த கல்யாணம். முறையாக வரிசையில் நிற்கிறவனெல்லாம் இளிச்சவாயனா? கவுன்ட்டரில் இருந்த அதிகாரியிடம் சொல்லிவிடுவது என்று எழுந்தார்.

மரகதம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒரு புள்ளையோட வாழ்க்கைங்க. விசாரிக்காம சொல்லிப்போடாதீங்க. இருங்க, நான் கேட்டுட்டு வர்றேன்."

ஆயிரம் பேரை விசாரித்தவன் நான், நீ என்னத்தை விசாரிக்கப் போகிறாய் என்று அவர் முணுமுணுப்பதற்குள் அவள் முன்வரிசைக்குப் போய்விட்டாள்.

தமிழ்க் குரல் கேட்டதும் அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை ஆட்டி ஆட்டி என்னென்னவோ சொன்னாள். பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். மரகதம் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்து ஏதோ புத்தி சொன்னாள். ஒப்புதல் வாக்குமூலம்தான், வேறென்ன. சேனாபதிக்குத் தன் மனைவியைப் பார்க்கப் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குள் ஜோடியை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்த மரகதம் எது கேட்டாலும், "அவங்க வெளிய வரட்டும்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் கதவு திறந்தது. அந்தப் பெண் நேரே வந்து மரகதத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்ன மாதிரியே உண்மையைச் சொல்லிட்டேன் ஆன்ட்டி. அப்ரூவ் பண்ணிட்டாங்க."

குற்றத்தை ஒப்புக்கொண்டவளுக்கு கிரீன் கார்டா! ஜோடி போனதும் சேனாபதி மனைவி பக்கம் திரும்பினார். "என்னடி உண்மை?"

"ஊரறியத் தாலி கட்டின கல்யாணம்தானுங்க. கோலாலம்பூருக்கும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் போயிருக்காங்க. போன எடத்துல ஆபீஸ்ல ஏதோ அவசரம்னு அந்தப் பையன் ஆறு நாளும் ஹோட்டல் ரூம்ல லேப்டாப்பே கதின்னு கெடந்திருக்கான். பாவம், அந்தப் புள்ள தனியாவே ஊரைச் சுத்தியிருக்குது."

சேனாபதி சிரித்தார். "கதை விடறாங்க, நீயும் நம்பிட்டு வந்திருக்கே. புதுப் பொண்டாட்டியை அப்படித் தனியா விடறவன் உலகத்துல இருப்பானா?"

மரகதம் ஃபைலைச் சரி செய்துகொண்டு நிதானமாகக் கேட்டாள். "நாம கல்யாணம் முடிஞ்சு ஊட்டி போனமுங்களே, பொட்டானிக்கல் கார்டன் எப்படி இருந்துச்சு? சொல்லுங்க பார்க்கலாம்."

ஊட்டியில் இருந்த நாலு நாளும் அங்கே ஒரு சிநேகிதன் வீட்டில் விடிய விடியச் சீட்டாடிவிட்டு வந்த சேனாபதி, குரலைத் தாழ்த்தி, "அதெல்லாம் நம்மளையும் உள்ள கேப்பாங்களா?" என்றார்.