டைரியில் ஒரே சோகம்

மகள் குளிக்கப் போனதும் அம்மா வழக்கம்போல அவள் டைரியைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தாள். ஒரு வாரமாக அதில் ஒரே சோகம். திங்கட்கிழமை, ‘ஐ ஆம் க்ளூமி.’ செவ்வாய்க்கிழமை, ‘ஐ ஃபீல் மிசரபிள்.’ நேற்று, ‘தி நெய்பர்ஸ் சாங் இஸ் டிப்ரஸிங். ஐ ஆம் டிப்ரஸ்ட்.’

அகராதியைப் புரட்டப் புரட்ட அம்மாவுக்குப் பயம் கூடியது. மகள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் கேட்டேவிட்டாள்.

“பக்கத்து வீட்டுக்காரர் பாட்டு டிப்ரஸிங்னா, நீ ஏண்டி டிப்ரஸ்ட் ஆகணும்?”

மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “டிப்ரஸிங், டிப்ரஸ்ட், ரெண்டையும் குழப்பாம சரியாச் சொல்லிட்டியே அம்மா.”

“விளையாடாதே. உனக்கு என்ன கவலை?”

“ஒண்ணுமில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரி ரிசப்ஷன் வேலைக்கு உனக்கு இங்கிலீஷ்ல இன்டர்வியூ. நான் வாங்கிக் கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தை நீ பிரிக்கவே இல்லை. என் டைரியைத்தான் ஒரு நாள் விடாமப் படிக்கிறே.”

அம்மா அசடு வழிந்தாள். “அதுக்காக இப்படியா எழுதுவே? சந்தோஷமா நாலு வரி எழுதக் கூடாதா?”

“போன மாசம் பூரா அப்படித்தான் எழுதினேன். நீ ஒரு வார்த்தைக்குக்கூட அகராதியைத் தொடலையே.”