லேபிள் இல்லாத முந்நூறு போத்தல்

"லோகோ வேண்டாமா? அண்டார்டிகாவில உங்க கம்பெனி பேர் தெரிஞ்சா கசக்குமா சார்?"

லக்ஷ்மிப்ரியா விண்ணப்பத்திலிருந்து நிமிர்ந்தாள். தென்துருவ ஆய்வு நிலையத்துக்கு நிறுவனங்கள் இலவசமாய்த் தரும் பொருட்களை ஏற்பதும் தள்ளுவதும் இந்த சிட்னி அலுவலகத்தில் அவள் கையில்தான்.

தருமராசாவுக்கு ஏசியிலும் வியர்த்தது. வில்லங்கமே அந்த லோகோதான்! இரட்டைப் பின்னலோடு சிரிக்கும் அவர் மகள் நிரஞ்சினியின் மூன்று வயதுப் படம். இப்போது அவள்தான் அந்த நிலையத்தின் டாக்டர். அங்கே இருப்பவர்களின் குடும்பத்தார் ஒரு துரும்புகூட அனுப்பக் கூடாது என்பது விதி. 'சாப்பாடு வாயில வைக்கேலாது அப்பா' என்று போனில் பிள்ளை அழுகிறாள். நாளைய கப்பலை விட்டால் அடுத்தது பத்து மாதம் கழித்து. அதனால்தான் இரண்டு நாளாய்க் குந்தியிருந்து, முந்நூறு போத்தலிலும் மகளின் முகத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தார்.

"விளம்பரம் எனக்குப் பிடிக்காது பிள்ளை. விஞ்ஞானத்துக்கு என்னால ஏலுமான உதவி."

"ஒருத்தர் ஜாக்கெட் தர்றார், ஒருத்தர் ஜெனரேட்டர் தர்றார். நீங்க காஞ்ச மிளகாய் இடிச்ச கட்டச்சம்பலா?"

"மைனஸ் நாற்பதில நாக்கு விறைச்சுப் போகும். விறைச்ச நாக்கோட ஆராய்ச்சி செய்யேலுமோ? இதில ஒரு கரண்டி வாயில வச்சா, ஹீட்டரையே நிப்பாட்டலாம்!"

அவள் சிரிக்கவில்லை. "பெட்டியெல்லாம் நீங்களே பேக் பண்ணீங்களா?"

"ஓம்."

"எதுலயாவது காலி இடம் இருக்கா?"

"கடைசிப் பெட்டியில... கொஞ்சம்."

"அதுக்கு டேப் ஒட்டியாச்சா?"

"இன்னும் இல்லை."

"கொண்டு வாங்க."

கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே பெட்டியைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார். லக்ஷ்மிப்ரியா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஃபாரத்துல உங்க பேர் தருமராசா. அங்க இருக்கிற டாக்டர் பேர் நிரஞ்சினி தருமராசா. போத்தல்ல மட்டும் பேப்பர் ஒட்டினா போதுமா சார்?"

தருமராசா கதிரையில் பொத்தென்று விழுந்தார். மகளின் பெயருக்குப் பின்னால் முப்பது வருடமாய்த் தன் பெயர் நிற்பது, பாவம், அவருக்கு ஞாபகமே வரவில்லை.

"பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. பிழை என்னுடையதுதான்..."

டொக்கென்று ஒரு சத்தம். விண்ணப்பத்தில் 'ஏற்கப்பட்டது' முத்திரை விழுந்திருந்தது. அவர் நம்பாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, லக்ஷ்மிப்ரியா இழுப்பறையிலிருந்து ஒரு பருப்புப் பொடி டப்பாவை எடுத்துப் பெட்டியின் காலி இடத்தில் கச்சிதமாகச் செருகினாள்.

"அங்க சமைக்கிறது என் வீட்டுக்காரர் பாஸ்கர்தான் அங்கிள். அவர் சமையலை அவராலேயே சாப்பிட முடியலையாம்! ஒரு தமிழ்க் கம்பெனி வராதான்னு நாலு மாசமா காத்துட்டிருந்தேன்... ம், சீக்கிரம் டேப்பை ஒட்டுங்க!"