துபாய் நேரம் காட்டிய பதக்கம்

சடக்கென்று கழுத்துப் பதக்கம் சத்தம் போட்டதும் ஃபஹ்மிதா திடுக்கிட்டாள். ஓடாத கைக்கடிகாரங்களின் மெஷினைக் கழற்றிவிட்டு, கம்மலும் பதக்கமுமாகச் செய்து மேலப்பாளையத்தில் விற்பவள் அவள். இந்தப் பதக்கம் மட்டும் கணவன் ரசீத்தின் பழைய வாட்ச். உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும் பசை வைத்து ஒட்டிய முட்கள் தாமாக நகர்ந்து, அவன் இருக்கும் துபாயின் நேரத்தையே காட்டும். அது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

இப்போது அது வீட்டுச் சுவர்க்கடிகாரத்தின் ஊர் நேரத்தைக் காட்டியது.

சொல்லாமல் வந்துவிட்டானா! வாசலைத் திறந்துவைத்து, அரிசியைக் களைந்துபோட்டு, ஆசையாகப் போன் செய்தாள்.

“ஊருக்கு வந்துட்டியளா?”

“எங்கனளா வர? லீவு தரமாட்டேங்கான். துபாய்லதான் கெடக்கேன்.”

அவன் பக்கத்தில் ஒரு பெரியவரின் குரல் கேட்டது.

“மாப்பிள்ள, போன வச்சிட்டு மாலையப் போடும். நிக்காஹ் ஓதிவைக்க அசரத்து வந்துட்டாவ.”