மத்தியானத்தில் மாறிய ஃபைல்

“டீச்சர், என் ஃபைல்ல யாரோ கை வைக்கிறாங்க.”

திருமுருகன் இப்படிச் சொன்னதும் சோபியா டீச்சரின் முகம் மாறிவிட்டது.

ஆலங்குடி பக்கத்துப் பள்ளி அது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் சுற்றுலாக் கையேடு தயாரிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் சோபியா. நெட்டிலிருந்து படம் சுடக்கூடாது, மவுஸைப் பிடித்து அவரவரே வரைய வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். மாவட்டப் போட்டிக்குப் பள்ளியிலிருந்து ஒரே ஒரு கையேடுதான் போகும்.

அது திருமுருகன் செய்யும் திருவரங்குளமா, அவன் பக்கத்தில் உட்காரும் இனியா செய்யும் இலுப்பூரா என்பதுதான் வகுப்பில் பேச்சு.

“என்னத்தடா மாத்தியிருக்காங்க?”

“அதான் தெரியல டீச்சர். ஆனா கடைசியா சேவ் பண்ணுன நேரம் மத்தியானம்னு காட்டுது. அப்ப நான் சாப்பிட்டுக்கிட்டுல்ல இருந்தேன்.”

சோபியா ஃபைலைத் திறந்து அலசினார். எழுத்துப்பிழை இல்லை, பஸ் விவரம் சரி, கோயில் கோபுரம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒன்றும் அகப்படாததே அவருடைய சந்தேகத்தைக் கிளறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் கெடுக்கிற அளவுக்குக் கெட்டிக்காரத்தனம் யாருக்கு இருக்கும்?

சாப்பாட்டு நேரத்தில் லேப் சாவி கேட்டு வருகிறவள் இனியா ஒருத்திதான். தன் வேலை பாக்கி இருக்கிறது என்பாள். அமைதியான பிள்ளை என்று நம்பிக் கொடுத்தது தப்பு என்று சோபியாவுக்குத் தோன்றியது.

மறுநாள் சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே திருமுருகனின் ஃபைலை அப்படியே ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வைத்துக்கொண்டார். சாவியை வழக்கம்போல் இனியாவிடம் கொடுத்தார். கொஞ்ச நேரம் விட்டுச் சத்தமில்லாமல் போய் நின்றார்.

திரையில் திருவரங்குளம். மவுஸ் இனியாவின் கையில்.

டீச்சரைப் பார்த்ததும் அவசரமாக சேவ் செய்து மூடினாள்.

போட்டி என்றால் இப்படியா செய்வது, உன்னைப் போய் நம்பினேனே என்று சோபியா பொரிந்து தள்ளினார். அவர் முடித்ததும் இனியா மெதுவாகச் சொன்னாள்.

“போட்டியிலேருந்து என் பேரை எடுத்துருங்க டீச்சர். அவன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க.”

செய்வதையும் செய்துவிட்டு மறைக்க வேறு சொல்கிறாளே என்று அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஆளனுப்பித் திருமுருகனை வரவழைத்தார்.

அவன் எதிரிலேயே நகலை ஒரு கம்ப்யூட்டரிலும், இனியா கை வைத்ததைப் பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் திறந்தார். அப்போதுதான் சோபியாவே வித்தியாசத்தைப் பார்த்தார். நகலில், கோயிலைச் சுற்றி அன்று காலை அவன் புதிதாக வரைந்திருந்த தென்னைகளின் கீற்றெல்லாம் செங்கல் நிறத்தில் இருந்தன. இனியா கை வைத்ததில் பச்சைப் பசேல் என்று இருந்தன. வேறு ஒரு புள்ளிகூட மாறவில்லை.

“இதுல எதுடா நீ வரைஞ்சது?”

திருமுருகன் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தான். கிட்டே குனிந்தும் பார்த்தான்.

“என்ன டீச்சர் கேக்குறீங்க? ரெண்டும் ஒண்ணுதானே?”

சோபியா திடுக்கிட்டார். சிவப்பும் பச்சையும் இவன் கண்ணுக்கு ஒரே நிறம். இது அவனுக்கே தெரியாது. வகுப்பு சிரித்துவிடக் கூடாதென்று பக்கத்து இருக்கைக்காரி தினமும் சோற்றை விட்டுவிட்டு வந்து, தன்னோடு போட்டி போடுகிறவனின் தென்னைகளுக்குப் பச்சை பூசியிருக்கிறாள்.

இனியா தலை நிமிரவே இல்லை. சோபியாவுக்கு வெட்கமாக இருந்தது.

“அப்ப யாரும் ஒண்ணும் மாத்தலையா டீச்சர்?” என்றான் திருமுருகன்.

“மாத்தலைப்பா. நாந்தான் தப்பா நெனச்சுட்டேன்” என்றபடி, செங்கல் நிறத் தென்னைகள் இருந்த ஃபைலை அழித்தார் சோபியா.