குனியத் தெரிந்தவன்

செவ்வாய்ச் சந்தையில் அந்த ஆள் எதையும் வாங்கவில்லை.

சீஸ் கடையைத் தாண்டினான். பூச்செடிக் கடையைத் தாண்டினான். சதுக்கத்தின் நடுவில் நின்று எங்கள் தேவாலயத்தின் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். முதுகில் பை, முழங்கால்வரை சேறு. என் மகன் நைஜலின் வயதுதான் இருக்கும்.

"பாத்தியா மார்ஜரி, உன் திருடன் வந்துட்டான்," என்றார் சீஸ் கடை கிளிஃபோர்ட்.

கேலிதான். ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமை சபைக் கூட்டத்தில் என்னிடமிருந்து கோபுரச் சாவியை வாங்கிக்கொள்ளப் போகிறவரும் அவர்தான்.

மார்ச் மாதத்தில் ஒரு ராத்திரி, கூரையில் வேய்ந்திருந்த, நல்ல விலைபோகிற காரீயத் தகடுகளை யாரோ சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கோபுரக் கதவு திறந்து கிடந்தது, அதில் ஒரு கீறல்கூட இல்லை. நான் பூட்ட மறந்துவிட்டேன் என்று ஊர் பேசுகிறது.

நான் பூட்டினேன். நாற்பது வருடமாகப் பூட்டுகிறவள். அன்றைக்கும் பூட்டி, சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டினேன்.

"வெளியூர்க்காரன் வேலைம்மா. சந்தைக்கு வர்ற எவனோ நோட்டம் விட்டுட்டுப் போயிருக்கான். அந்தக் கிழட்டுப் பூட்டுக்கு ஒரு கம்பி போதும்," என்று நைஜல் சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

அன்றிலிருந்து, பை மாட்டிக்கொண்டு வருகிற ஒவ்வொருவரையும் நான் முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

சேற்றுக்காரன் நேரே என்னிடம்தான் வந்தான். பர்மிங்ஹாமாம். ஆற்றோரமாக ஆரம்பித்து, ஆட்டு மேய்ச்சலுக்கும் பார்லி வயலுக்கும் நடுவே ஏழு மைல் நடந்தே வந்தானாம். மேலே ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டான். இந்த ஊருக்கு இதுதான் முதல் தடவை என்று, யாரும் கேட்காமலே இரண்டு முறை சொன்னான்.

அதுதான் எனக்கு உறுத்தியது.

என்னிடம் ஒரு சோதனை இருந்தது.

சுருள்படி முடிகிற இடத்தில், கூரைக்குப் போக ஒரு சின்ன வாசல். அதன் மேலே குறுக்காக ஓக் மர உத்திரம். கடைசிப் படி மற்றதைவிட உயரம். விளக்கைப் பிடித்துக்கொண்டு ஏறினாலும் உத்திரம் கண்ணில் படாது, நெற்றியில்தான் படும். எச்சரிக்காமல் விட்டால், முதல் தடவை ஏறுகிறவர்கள் தப்பியதே இல்லை. பாதிரியார் இடித்துக்கொண்டார். கடிகாரத்துக்கு எண்ணெய் போட ஏறிய கிளிஃபோர்ட் ஒரு வாரம் தொப்பியைக் கழற்றாமல் சீஸ் விற்றார். ஒருமுறை இடித்தவர்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது. அடுத்த தடவை தலை தானாகக் குனியும்.

வழக்கமாக, "தலை, தலை!" என்று கத்துவேன். இன்று வாயைத் திறப்பதாக இல்லை.

இவன் குனிந்தால் இவன்தான் திருடன்.

அவனை முன்னால் ஏறவிட்டேன். எண்பத்தொரு படி. அவன் பூட்ஸிலிருந்து காய்ந்த மண் என் முகத்துக்கு நேராக உதிர்ந்தது. குனியடா, குனி என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே பின்னால் போனேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அவ்வளவு உருக்கமாக நான் ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஜெபித்ததில்லை.

மடார்!

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். நெற்றியில் ரத்தம்.

பாவம், அவன் சொன்னது நிஜம்தான். என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மேலே காற்று. தகடு போன இடத்தில் நீலத் தார்ப்பாய் படபடத்தது. என்ன ஆயிற்று என்று கேட்டான். சொன்னேன்.

கைக்குட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அப்போ அன்னைக்கு வந்தவன் மண்டையும் இப்படித்தானே வீங்கியிருக்கும்? மண்டையப் பாத்தே ஆளைப் புடிச்சிருக்கலாமேம்மா!"

நானும் சிரிக்கப் போனேன். சிரிப்பு வரவில்லை.

திருட்டுக்கு மறுநாள் காலை அந்த உத்திரத்தைத் துடைத்தவள் நான். அதன் அடியில் சிலந்திவலை நூல் அறாமல் தொங்கியது.

அன்று ராத்திரி வந்தவன் குனிந்திருக்கிறான்.

பாதிரியாருக்கு முழங்கால் போய் நாலு வருடம். கிளிஃபோர்டின் தொப்பை இப்போது சுருள்படிக்குள் நுழையாது.

கீழே சதுக்கத்தின் ஓரத்தில் நைஜலின் வெள்ளை வேன் வந்து நின்றது. இறங்கினான், அண்ணாந்து என்னைப் பார்த்தான், கையை ஆட்டினான்.

"இறங்கலாம் தம்பி," என்றேன்.

பர்மிங்ஹாம்காரன் குன்றுகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வாசலில் நுழைந்தான். என் இடது கை தானாக எழுந்து, அவன் உச்சந்தலைக்கும் உத்திரத்துக்கும் நடுவே விரிந்தது.

அந்தக் கைக்கு அது பழைய பழக்கம். வருடா வருடம் கொடியேற்ற நான் ஏறும்போதெல்லாம் கூடவே ஏறிய ஒரு சின்னத் தலையை, அது இப்படித்தான் மூடிக் குனியவைத்தது.

என் நைஜல் ஒரு தடவைகூட இடித்துக்கொண்டதில்லை.

கீழே வந்ததும் பர்மிங்ஹாம்காரன் ஒரு துண்டு சீஸ் கேட்டு நின்றான். என் கைக்குட்டை இன்னும் அவன் நெற்றியில் இருந்தது.

"என்னம்மா, இவன்தானா?" என்று நைஜல் என் காதருகே கேட்டான்.

நான் அவன் பக்கம் திரும்பவில்லை. கிளிஃபோர்டின் தராசுத் தட்டில் சாவியை வைத்தேன். தட்டு சட்டென்று கீழிறங்கியது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு, கிளிஃபோர்ட்? அன்னைக்கு நான்தான் பூட்ட மறந்துட்டேன்."